ரெட் கிளவுட் போகிறவர்களுக்கு: மழை பெய்திருந்தால் மண் சாலையில் இறங்காதீர்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் தெற்குக் கோடியில், கான்சாஸ் எல்லையை ஒட்டி ரெட் கிளவுட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 962 பேர். 'மை ஆன்டோனியா', 'ஓ பயனியர்ஸ்!' நாவல்களை எழுதிய வில்லா கேதர் வளர்ந்த ஊர் அது. ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதிக்கு அங்கே போய்விட்டு வந்தேன். சனிக்கிழமை மதியம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நடந்ததில் எண்ணூறு டாலருக்கு மேல் போனது, ஒரு இரவு தூக்கம் போனது, நடுக்காட்டில் தனியாக உட்கார்ந்து அழவும் செய்தேன். கிளம்பும் முன் அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். கேதர் தூங்கிய மாடி அறை, பழைய ஓபரா ஹவுஸ், கோதிக் பாணி தேவாலயம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். மழைக்குப் பிறகு அந்த வட்டாரத்துச் சாலைகள் என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

வேலை நிமித்தமாக ஒமாஹாவில் இருக்கிறேன். சொந்தக் கார் இல்லை. கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாளில் 'மை ஆன்டோனியா' படித்தபோது அந்தப் புல்வெளியை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று ஆசை விழுந்தது. இப்போது கார் பயணத்தில் மூன்றரை மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் விட மனமில்லை. கூட வருவதாகச் சொன்ன தோழிக்குக் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. சரி, தனியாகவே போவோம் என்று ஒரு சின்ன செடான் காரை வாடகைக்கு எடுத்தேன். கவுன்டரில் இருந்த பையனிடம், "கிராமத்துப் பக்கம்தான் சுற்றப் போகிறேன்" என்று தெளிவாகவே சொன்னேன். "தாராளமாகப் போங்கள், மைல் கணக்கே கிடையாது" என்றான். ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில், தார் அல்லது கான்கிரீட் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று ஒரு வரி இருந்தது. பல வாடகை கார் நிறுவனங்கள் இப்படி ஒரு வரி வைத்திருக்கின்றன. நெப்ராஸ்காவில் கிராமப்புறச் சாலைகளில் பெரும்பாலானவை சரளைச் சாலைகள்தான் என்பது அங்கே கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் கேட்கும்போது "கிராமம்" என்று பொதுவாகச் சொல்லாமல், "சரளைச் சாலையில் ஓட்டலாமா, ஓட்டினால் காப்பீடு உண்டா, மாட்டிக்கொண்டால் யார் வந்து இழுப்பார்கள்" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினேன். லிங்கன் வழியாக மேற்கே போய், ஹேஸ்டிங்ஸிலிருந்து 281ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் நாற்பது மைல் போல. ஹேஸ்டிங்ஸிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். மளிகையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். நான் சைவம். அந்தப் பக்கம் மாட்டிறைச்சி நாடு. ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பழம், இரண்டு பெரிய கேன் தண்ணீர் வாங்கி வைத்தது அடுத்த நாள் என்னைக் காப்பாற்றியது. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். இருட்டுகிற நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும், ஒன்று குறுக்கே போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அப்படியேதான் வந்தன.

ஊரில் ஒரு விருந்தினர் விடுதியில் அறை போட்டிருந்தேன். சாவி கொடுத்த அம்மாள் முதலில் காட்டியது அறையை அல்ல, தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட்டை. "சைரன் கேட்டால் செருப்பு தேடாமல் இங்கே வந்துவிடு" என்றார். சுழற்காற்று வட்டாரம் அது. இரவு பதினொன்றரைக்கு போன் அலறியது. கடும் இடிமழை எச்சரிக்கை. சைரன் ஊதவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் ஆலங்கட்டியும் மழையுமாக வெளுத்து வாங்கியது. மின்னல் வெளிச்சத்தில் தெரு முழுக்கத் தெரிந்தது. நீங்கள் எங்கே தங்கினாலும் பேஸ்மென்ட் எங்கே என்று வந்தவுடன் கேளுங்கள், சொல்ல அவர்கள் காத்திருப்பார்கள். போனில் வரும் எச்சரிக்கைகளை அணைத்து வைக்காதீர்கள். 'டொர்னேடோ வாட்ச்' என்றால் சுழற்காற்று வரக்கூடும், 'டொர்னேடோ வார்னிங்' என்றால் வந்துவிட்டது. முன்னதற்குக் காதைத் தீட்டி வைத்தால் போதும், பின்னதற்கு உடனே கீழே போக வேண்டும்.

காலையில் வானம் துடைத்துவிட்டிருந்தது. ஊருக்குத் தெற்கே ஐந்து மைலில், அதே 281 நெடுஞ்சாலை ஓரமாகவே கேதர் நினைவுப் புல்வெளி இருக்கிறது. 612 ஏக்கர். பெரும்பகுதி ஏர் படாத நிலம். இதன் அருமை ஊருக்கு வரும் வழியில் புரிந்திருக்கும், ஏனென்றால் வழி நெடுக மக்காச்சோளமும் சோயாவும்தான். கேதர் எழுதிய புல் எங்கேயும் இருக்காது. 1974இல் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இந்த நிலத்தை வாங்கிக் காப்பாற்றியது, பின்னர் கேதர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ஜூனில் புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருக்காது. நாவலில் வரும் சிவந்த புல்லைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போக வேண்டும். ஆனால் காற்று எந்த மாதத்திலும் உண்டு. மேடேறி நின்றால் நிலம் முழுக்க நகர்கிற மாதிரி தெரியும். அது புத்தகத்தில் படித்ததுதான் என்றாலும் நேரில் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றது. திரும்பி வந்து காரில் உட்கார்ந்தபோது காலுறை மடிப்பில் உண்ணி ஊர்ந்துகொண்டிருந்தது. முழுக்கால் சட்டை போட்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் பின்புறம், இடுப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள்.

ஊருக்குள் சுற்றிப் பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் தேசிய வில்லா கேதர் மையத்துக்குப் போக வேண்டும். செங்கல் பாவிய பிரதான வீதியில், 1886இல் கட்டிய மூன் பிளாக் என்ற கட்டடத்தைப் புதுப்பித்து 2017இல் திறந்திருக்கிறார்கள். அருங்காட்சியகம், புத்தகக்கடை, பக்கத்திலேயே 1885ஆம் வருடத்து ஓபரா ஹவுஸ். பெயர்தான் ஓபரா, கீழே இரும்புச் சாமான் கடை, மாடியில் ஊர் ஊராக வரும் நாடகக் குழுக்களுக்கான அரங்கம். 1890இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கேதர் அந்த மேடையில்தான் உரை நிகழ்த்தினார். அந்த வகுப்பில் தேறியவர்கள் மொத்தமே மூன்று பேர். மேடையில் ஏறி நிற்க விட்டார்கள். நான் நின்றேன். ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

கேதர் வளர்ந்த வீடு பூட்டியே இருக்கும், வழிகாட்டியுடன்தான் உள்ளே போக முடியும். ஒன்பது வயதில், 1883இல், வர்ஜீனியாவின் மலைப்பகுதியிலிருந்து இங்கே வந்தவர் அவர். ஒன்றரை வருடம் போலத் தாத்தா பாட்டியின் பண்ணைப் பக்கம் இருந்துவிட்டு, 1884இல் ஊருக்குள் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பிள்ளைகள் எல்லோரும் மேல்தளத்துப் பரணில் படுக்க, இவருக்கு மட்டும் பிற்பாடு ஒரு மூலையைத் தடுத்து அறையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்து, கூலிக்குப் பதிலாக வாங்கிய ரோஜாப்பூ போட்ட சுவர்த்தாளை அந்தப் பெண் தன் கையால் ஒட்டியிருக்கிறார். அது இன்னும் இருக்கிறது, பழுத்து, கிழிந்து, நிறம் மங்கி. ஏழெட்டுப் பேர் நெருக்கியடிக்கும் வீட்டில் தனக்கென்று ஒரு கதவு கிடைத்த பெண் என்ன செய்வாள் என்பதை அந்தச் சுவரைப் பார்த்தால் தெரியும். நானும் ஒரே அறையில் அக்கா தங்கை எல்லோருமாக வளர்ந்தவள், அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன், வழிகாட்டி பொறுத்துக்கொண்டார். இவையெல்லாம் மிகப் பழைய கட்டடங்கள், ஏதாவது ஒன்றில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருக்கலாம். போகும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த வாரம் எதெல்லாம் திறந்திருக்கும், சுற்றுலா எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தை ஒட்டி அவர்களுடைய வருடாந்திர மாநாடு நடக்கும், அப்போது ஊரில் படுக்க இடம் கிடைக்காது.

இந்தச் சின்ன ஊரையே கேதர் ஆறு நாவல்களில் ஆறு பெயர்களில் எழுதினார்: ஹானோவர், மூன்ஸ்டோன், பிளாக் ஹாக், பிராங்க்ஃபோர்ட், ஸ்வீட் வாட்டர், ஹேவர்ஃபோர்ட். ஊர்க்காரர்களைப் பெயர் மாற்றி உள்ளே வைத்தார், அவர்களுக்கும் அது தெரியும். 'எ லாஸ்ட் லேடி'யில் வரும் கேப்டன் ஃபாரஸ்டர், இந்த ஊரை நிறுவியவரும் பின்னாளில் மாநில ஆளுநரானவருமான சைலஸ் கார்பர்தான். அவர் கட்டிய வங்கிக் கட்டடம் இன்னும் வீதியில் நிற்கிறது. இத்தனையும் பதினெட்டு வயதுக்குள் பார்த்தவை. அப்புறம் லிங்கன், பிட்ஸ்பர்க், நியூயார்க் என்று போனவர் இங்கே விருந்தாளியாகத்தான் வந்து போனார். புதைத்திருப்பதுகூட இங்கே இல்லை, நியூ ஹாம்ப்ஷயரில்.

ஆனால் கேதரின் உலகத்தில் பாதி ஊருக்கு வெளியே இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். ஆன்டோனியா பாத்திரத்துக்கு மூலமான ஆனா சாடிலெக் பாவெல்கா, பொஹீமியாவிலிருந்து வந்த செக் குடும்பத்துப் பெண். அவர் வாழ்ந்த பண்ணை வீடு வடக்கே, பிளேடன் என்ற குக்கிராமத்தின் பக்கம் இருக்கிறது. மையத்தில் ஒரு வரைபடம் தருகிறார்கள், நம் வண்டியிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மதியம் கிளம்பினேன். அந்தப் பண்ணைக்குப் போன வழி நல்ல சரளைச் சாலை, ஒரு தொல்லையும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் நிலத்துக்குள் தோண்டிய பாதாள அறை இருக்கிறது, பழமும் ஊறுகாயும் ஜாடி ஜாடியாக வைத்த இடம். நாவலின் கடைசிப் பகுதியில் அந்த இருட்டிலிருந்து ஆன்டோனியாவின் பிள்ளைகள் ஒட்டுமொத்தமாக வெயிலுக்குள் ஓடிவரும் காட்சி இந்தப் படிகளில்தான். வேறு ஒருவரும் இல்லை. படிகளில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன். இந்தப் பயணத்தில் பணம் கொடுத்து வாங்க முடியாத அரை மணி நேரம் அது.

திரும்பும்போது போனில் ரெட் கிளவுட் என்று போட்டேன். வந்த வழியைக் காட்டாமல், சில நிமிடம் மிச்சமாகும் என்று வேறு வழி காட்டியது. அந்தப் பகுதிச் சாலைகள் எல்லாம் மைலுக்கு ஒன்று, நேர்க்கோட்டில், சதுரம் சதுரமாகக் குறுக்கே போகும். வரைபடத்தில் எல்லாம் ஒரே தடிமனான கோடு. தரையில் அப்படி இல்லை. சில மைல் கழித்து ஒரு பலகை வந்தது: குறைந்தபட்சப் பராமரிப்புச் சாலை, உங்கள் சொந்தப் பொறுப்பில் பயணிக்கவும். எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாச் சாலைக்கும் பொருந்தும் வாசகம்! பலகை சொல்லாமல் விடுவது என்னவென்றால், இந்தச் சாலையில் சரளையே கிடையாது, வெறும் மண், மழை பெய்தால் டிராக்டர் தவிர எதுவும் போகாது. மேலே காய்ந்துதான் தெரிந்தது. ஒரு சின்ன இறக்கத்தில் கார் தானாகப் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்து, ஓரத்துப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி நின்றது. அடியில் ஏதோ உடைகிற சத்தம்.

இறங்கிக் கால் வைத்தேன், எண்ணெய் கொட்டிய சமையலறைத் தரை மாதிரி வழுக்கியது. அந்த நிலம் முழுக்க லோயெஸ் என்ற மண். பல்லாயிரம் வருடங்களுக்கு முன் காற்று சுமந்துகொண்டு வந்து கொட்டிய மிக நுண்ணிய வண்டல். காய்ந்திருக்கும்போது கெட்டியாகவே இருக்கும், செங்குத்தாக வெட்டினால்கூட நிற்கும். ஈரமானால் பிடிமானம் போய்விடும். மேல்தோல் வெயிலில் காய்ந்துவிடும், அரை அங்குலத்துக்குக் கீழே சேறு அப்படியே இருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பிறகு ஊர்க்காரர்களிடம் கேட்டதில், நல்ல மழைக்கு அப்புறம் ஒருநாள் முழு வெயிலும் காற்றும் அடித்த பிறகுதான் அவர்களே அந்த மாதிரிச் சாலைகளில் இறங்குவார்களாம். சக்கரத்தைச் சுழற்றி வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கார் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும், சாலையும் பாழாகும்.

போனில் ஒரு கோடு சிக்னல். வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டால் இசை. நாற்பது நிமிடத்துக்கு அப்புறம் பேசிய பெண் தெரு முகவரி கேட்டார். முகவரி இல்லை, சுற்றிலும் சோளம் என்றேன். பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்றார். சரளை போடாத சாலை என்று என் வாயிலிருந்து வந்ததும் குரல் மாறியது. அப்படியானால் இது எங்கள் உதவித் திட்டத்தில் வராது, நீங்களே உள்ளூரில் யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். போன் சார்ஜ் பாதிக்குக் கீழே. எஞ்சினை ஓட்டி சார்ஜ் போடலாம், ஆனால் புகைபோக்கிக் குழாய் சேற்றில் புதைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் புகை உள்ளே வரும். நான் ஓட்டவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கூரை தெரியவில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் அழுதேன். பயம் பாதி, அந்தப் பெண்ணின் குரல் பாதி.

இருட்ட இன்னும் நேரம் இருக்கிறது என்பதுதான் தைரியம். சாலைகள் மைலுக்கு ஒன்று குறுக்கே போவதால், எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு மைலுக்குள் ஒரு சந்திப்பு வரும், அங்கே பச்சைப் பலகையில் இரண்டு சாலைகளின் பெயரும் இருக்கும். அதுதான் அங்கே முகவரி. நீங்கள் மாட்டிக்கொண்டால் தொலைபேசியில் பேசும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், அல்லது போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்து 911ஐ அழைத்தேன். இது அவசரமா என்று எனக்கே சந்தேகம், ஆனால் எடுத்தவர் கோபிக்கவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தின் சாதாரண எண்ணை முதலிலேயே போனில் பதிந்து வைத்திருந்தால் இந்தத் தயக்கமே வந்திருக்காது. நீங்கள் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் துணை ஷெரிஃப் ஒருவர் பிக்அப் வண்டியில் வந்து, அந்த மண் சாலைக்குள் வராமல் சந்திப்பிலேயே நிறுத்திக்கொண்டு என்னை நடந்து வரச் சொன்னார். "மேடம், நாளை மதியம் வரைக்கும் எந்த டோ டிரக்கும் இதுக்குள்ள வராது. வந்தால் அதை இழுக்க இன்னொன்று வேண்டும்" என்றார். காரை அங்கேயே விட்டுவிட்டு, பை, பாஸ்போர்ட், ரொட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரோடு ஊருக்குத் திரும்பினேன்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பரவாயில்லை, கேதர் உணர்ந்ததை நீயும் உணர்ந்திருக்கிறாய்" என்றார். முதன்முதலில் இந்த வெட்டவெளியைப் பார்த்தபோது தன் ஆளுமையே அழிந்துபோன மாதிரி இருந்தது என்று கேதர் 1913இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார், அதைத்தான் நினைத்துக்கொண்டு பேசினார். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் நேரவில்லை. என் ஆளுமை முழுசாகவே இருந்தது, டோ டிரக்குக்கு எத்தனை டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் உண்மை. 'மை ஆன்டோனியா'வில் திரு. ஷிமெர்டா குளிர்காலத்தில் தற்கொலை செய்துகொள்வார். அவரை நிலத்தின் மூலையில் புதைப்பார்கள். பின்னால் சாலைகள் வந்தபோது அவருடைய கல்லறையை மிதிக்காமல் கொஞ்சம் வளைந்து போகும். படிக்கும்போது அது ஒரு அழகான விவரம் என்று கடந்துவிட்டேன். ஒரு அங்குலம்கூட வளையாத அந்தச் சாலைகளின் சந்திப்பில் நின்றிருந்தபோதுதான், அப்படி ஒரு சாலை வளைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காத்திருப்பு. டாக்ஸி கிடையாது, செயலியில் கூப்பிடும் கார் கிடையாது. விடுதி அம்மாள் இன்னொரு நாளுக்கு அறையை நீட்டித்துக் கொடுத்தார். தெற்கே லெபனான் என்ற கான்சாஸ் கிராமத்துக்குப் பக்கத்தில், நிலத்தொடர்ச்சியுள்ள 48 மாநிலங்களின் நடுப்புள்ளி இருக்கிறது. ஞாயிறு காலை அதைப் பார்க்கலாம் என்று திட்டம். போயிற்று. ஊரில் பல கடைகள் அன்று திறக்காது. டோ டிரக் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வந்தது. சந்திப்பில் நின்றபடியே நீளக் கம்பி விட்டு இழுத்து எடுத்தார்கள். தூரம், வார இறுதி, விஞ்ச் வேலை எல்லாம் சேர்த்து 480 டாலர். கிரெடிட் கார்டு இயந்திரம் சிக்னல் பிடிக்கவில்லை, கையில் இருந்த ரொக்கத்தையும் விடுதியில் கொடுத்த காசோலையையும் வைத்துச் சமாளித்தேன். கொஞ்சம் ரொக்கம் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது அடுத்த அத்தியாயம். ஒருநாள் கூடுதல் வாடகை 84, சேறு கழுவ 150, அடியில் உடைந்த பிளாஸ்டிக் கவசத்துக்கு 310. அறைக்கு 110 ஏற்கனவே போயிருந்தது. கடன் அட்டையோடு வரும் வாடகைக் கார் காப்பீடு இருக்கிறதே என்று அட்டை நிறுவனத்தைக் கேட்டேன். ஒப்பந்தத்தை மீறிய பயணம் என்று மூன்றே வரியில் மறுத்துவிட்டார்கள். எனக்கு உதவியது இரண்டு விஷயம். கார் எடுக்கும்போதே சுற்றிப் படம் எடுத்திருந்தேன், குனிந்து அடியிலும் ஒன்று; அந்தக் கவசத்தின் ஒரு முனை முதலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. அப்புறம், மொத்தத் தொகைக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசீது கேட்டேன். கழுவியதற்கு வாடகை நிறுவனத்திடம் ரசீதே இல்லை. வாரக்கணக்கில் மின்னஞ்சல் போட்டுப் போட்டுக் கழுவும் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள், கவசத்தில் பாதியைக் குறைத்தார்கள். அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை.

இத்தனைக்கும் பிறகு போகலாமா என்று கேட்டால், போங்கள். ஊருக்குள் இருப்பவையும் தெற்கே இருக்கும் புல்வெளியும் தார்ச்சாலையிலேயே பார்த்துவிடலாம், எந்தக் காரும் போதும். பண்ணைப் பக்கம் போக வேண்டுமென்றால் முந்தின நாள் மழை பெய்ததா என்று பாருங்கள். பெய்திருந்தால் மையத்தில் இருப்பவர்களிடம் "இன்று எந்தச் சாலையில் போகலாம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், வரைபடத்தில் பேனாவால் குறித்தே கொடுப்பார்கள். போன வழியிலேயே திரும்பி வாருங்கள், போன் என்ன ஆசை காட்டினாலும் சரி. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். அன்று நான் சொல்லியிருந்ததால்தான் விடுதி அம்மாள் ஏழு மணிக்கே ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். நானும் அக்டோபரில் புல் சிவக்கும்போது இன்னொரு தடவை போவதாக இருக்கிறேன். வராமல் விட்ட தோழி இந்த முறை தன்னுடைய நான்குசக்கர இயக்க வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள், பெட்ரோல் செலவு என்னுடையது.